நாற்பது ஆண்டுக்கு ஓரடி: செட்லர் நிற்குமிடம் குறித்து ஓர் ஆராய்ச்சி

கி.மு. 4000இல் உலகில் நமக்கென்று இரண்டே பேர். ஒருவர் ஊர் நிறுவும் செட்லர், இன்னொருவர் காவல் நிற்கும் வாரியர். வேட்டை அறிந்த இனமானால் வாரியருக்குப் பதில் வேவு பார்க்கும் ஸ்கவுட். இவர்களைச் சுற்றிச் சில கட்டங்கள் வெளிச்சமாக இருக்கும், அதற்கப்பால் கும்மிருட்டு. செட்லரைத் தேர்ந்து 'பி' பொத்தானை அழுத்தினால் ஊர் பிறக்கும். அழுத்தக் கால் நொடி போதும். அந்தக் கால் நொடிக்கு முன்னால் மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன் அவ்வளவு நினைக்கிறார்கள், நினைத்ததில் எவ்வளவு உருப்படுகிறது என்பனவே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள். இதைவிடச் சிறிய பொருளுக்கெல்லாம் கருத்தரங்கு நடந்திருக்கிறது.

பாட நிர்ணயம்

சிட் மையர், புரூஸ் ஷெல்லி இருவரும் வகுக்க, மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'சிவிலைசேஷன்' என்னும் கணினி ஆட்டம் இம்மரபின் ஆதிநூல். 1980இலேயே பிரான்சிஸ் டிரெஷாம் அதே பெயரில் ஒரு பலகை ஆட்டம் வெளியிட்டிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள உறவுமுறையை வேறு அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆதிநூல் ஒருவர் தனியே ஆடுவதற்கானது. பலர் கூடி ஆட 1995இல் 'சிவ்நெட்' வந்தது. நாம் மூலமாகக் கொள்வது நான்காம் பதிப்பு. சோரன் ஜான்சனின் தலைமை வடிவமைப்பில் 2005இல் வெளிவந்து, 2007இல் 'பியாண்ட் த ஸ்வோர்ட்' என்னும் பிற்சேர்க்கை பெற்றது. இருபது ஆண்டு ஆகியும் இதை விடாமல் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நூல் செவ்வியல் ஆவதற்கு இதுவே தகுதி.

பிற பதிப்புகளில் பாடபேதம் மிகுதி. ஐந்தாம் பதிப்பு சதுரக் கட்டத்தை அறுகோணமாக்கியதில், மூலைவாட்டில் ஓரடி வைக்கும் பழைய இன்பம் ஒழிந்தது. 2025இல் வந்த ஏழாம் பதிப்பில் சோழர் தனி நாகரிகமாகவே இடம்பெற்றுள்ளனர். தமிழறிஞர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் அவர்கள் அரங்கேறுவது மூன்று யுகங்களில் இரண்டாவதில். வெறுங்காட்டில் ஒரே ஒரு செட்லரோடு நின்று விழிக்கும் நிலை சோழருக்கு வாய்க்கவில்லை. ஆகவே அவர்கள் நம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.

இவ்வகை ஆட்டங்களின் இலக்கணத்தை ஆலன் எம்ரிச் என்னும் எழுத்தாளர் 1993இல் நான்கு வினைகளில் அடக்கினார்: துருவு, பரவு, பயன்கொள், ஒழி. அவற்றில் முதல் வினை மட்டுமே நமக்கு உரியது. அதிலும் முதல் இருபது சுற்று. எல்லை எவ்வளவு குறுகுமோ அவ்வளவுக்குப் பக்கம் கூடும் என்பது முனைவர் பட்டம் வாங்கிய அனைவரும் அறிந்த உண்மை.

பொழுது

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். ஆட்டத்திலும் அப்படியே. பொழுதில் மட்டும் ஒரு சிக்கல்.

நார்மல் வேகத்தில் தொடக்கச் சுற்று ஒவ்வொன்றும் 40 ஆண்டு. முதல் 75 சுற்று முடிகையில் கி.மு. 1000 பிறந்திருக்கும். தனியாக ஆடுகிறவர் இந்த மூவாயிரம் ஆண்டை ஒரு மாலைப் பொழுதில் காப்பி ஆறுவதற்குள் கடந்துவிடுவார். பலர் கூடும் ஆட்டத்தில், அதுவும் 'பிட்பாஸ்' முறையில், அது நடக்காது. சர்வரில் ஒருவர் ஆட்டத்தை ஏற்றிவைத்திருப்பார். மற்றவர்கள் தமக்கு ஒழிந்த நேரத்தில் வந்து நகர்த்திவிட்டுப் போவார்கள். எல்லாரும் முடித்துவிட்டாலோ குறித்த கெடு தீர்ந்தாலோ சுற்று புரளும். கெடு பெரும்பாலும் 24 மணி நேரம். நாற்பது ஆண்டுக்கு ஒரு நாள் என்றால் ஓர் ஆண்டுக்கு 36 நிமிடம் வீதம் விழுகிறது. வரலாற்றை இவ்வளவு பொறுமையாக நடத்தியவர் வேறு எவருமில்லை.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். முதல் சுற்றில் ஆட்டக்காரருக்கு இருக்கும் வேலை இரண்டு பேரை நகர்த்துவது. அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு முழு நாள். அந்த நாளில் அவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும், வண்டிக்குக் காற்றடிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மனம் செட்லரிடமே நிற்கும். உரிப்பொருள் வகையில் இது முல்லை, இருத்தல். கெடு தீர்வதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் இன்னும் நகர்த்தாமல் இருக்கும் ஒருவரை மற்றவர்கள் நினைக்கும் விதம் மருதம், அதாவது ஊடல். நடுவில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டத்தை விட்டு ஓடுவது பாலை, பிரிதல். மற்ற இரண்டையும் மாணவர் பொருத்திக் கொள்க.

தனியாட்டத்துக்கும் பலராட்டத்துக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு, அது தலையாயது. தனியாக ஆடுகிறவருக்கு இடம் பிடிக்கவில்லையென்றால் வேறோர் உலகம் கேட்டு வாங்கிக்கொள்வார். கரடி அடித்தால் பழைய சேமிப்பைத் திறந்து கரடி இல்லாத பக்கமாக நடப்பார். பலராட்டத்தில் அழுத்தினால் அழுத்தியதுதான். ஆகவே அச்சம். அச்சத்தோடு ஒரு முழு நாள் ஓய்வும் சேர்ந்தால் திட்டம் பிறக்கிறது. திட்டத்தின் தோற்றுவாய் பற்றி இதுவரை கூறப்பட்ட கொள்கைகளில் இதுவே பொருத்தமானது என்க.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படும். கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் எவ்வளவு குறைவோ, திட்டத்தின் நீளம் அவ்வளவு அதிகம். அற்றேல், பாதி உலகம் தெரிந்த 100ஆம் சுற்றில் திட்டம் குறைய வேண்டுமே எனின், குறையத்தான் செய்கிறது. 100ஆம் சுற்றில் பத்து ஊரும் முப்பது படையும் வைத்திருப்பவர் அவசர அவசரமாக நகர்த்திவிட்டு உறங்கப் போகிறார். ஒன்றுமே இல்லாத நாளில்தான் பக்கம் பக்கமாக எழுதினார்.

நகர்தல், நகராமை

செட்லர் நின்ற இடத்திலேயே ஊர் அமைப்பதா, நகர்ந்து அமைப்பதா என்பது இத்துறையின் தலைமை விவாதம். வள்ளுவர் இதற்கு வழி வகுத்திருக்கிறார். தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம், வலியறிதல் 48, காலமறிதல் 49, இடனறிதல் 50. ஆனால் இந்த வரிசை கி.மு. 4000க்குப் பொருந்தாது. தெரிந்து செய்ய ஒன்றும் தெரியாது. வலியறிதலில் சிரமமே இல்லை, வாரியரின் வலிமை 2. காலமோ நாம் கேளாமலே ஓடுகிறது. ஐம்பதாம் அதிகாரம் ஒன்றே எஞ்சுகிறது. ஆட்டக்காரர் அனைவரும் நேரே அங்கேதான் போய் விழுகிறார்கள்.

நகராமைக் கட்சியார் சொல்வது: தொடக்க இடத்தைச் சுற்றி உணவுவளம் வைத்தே உலகம் ஆக்கப்பட்டிருக்கிறது. ஒரு சுற்று தாமதித்தால் அரண்மனை தரும் 8 வணிகம் அந்தச் சுற்றுக்குப் போயிற்று. ஆற்றங்கரையை விட்டு நகர்ந்தால் நன்னீரால் வரும் 2 உடல்நலமும் போயிற்று. ஆகவே அழுத்துக.

நகர்தல் கட்சியார் சமவெளிக் குன்றைக் காட்டுவார்கள். இங்கே கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் விவாதம் முழுவதும் ஒரே ஒரு சுத்தியலில், அதாவது உற்பத்தியின் ஓர் அலகில், தொங்குகிறது. சாதாரண நிலத்தில் அமைந்த ஊரின் நடுக்கட்டம் 2 உணவும் 1 சுத்தியலும் 1 வணிகமும் தரும். சமவெளிக் குன்றின்மேல் அமைந்தால் சுத்தியல் 2. தலைநகரில் முதலில் செய்யப்படுவது பெரும்பாலும் நிலத்தைப் பண்படுத்தும் வொர்க்கர். விலை 60 சுத்தியல். வொர்க்கரைச் செய்கையில் ஊர் வளராது, மிச்ச உணவும் சுத்தியலாகக் கணக்கில் சேரும். ஊரில் உள்ள ஒரே குடிமகன் 3 உணவு தரும் கட்டத்தில் உழைக்கிறான் என்று கொள்வோம். உணவு மொத்தம் 5. அதில் 2 அவன் வயிற்றுக்கு. மிச்சம் 3. தரையில் அமைந்த ஊருக்கு இதோடு 1 கூட்டினால் 4, எனவே வொர்க்கர் வர 15 சுற்று. குன்றின்மேல் அமைந்த ஊருக்கு 2 கூட்டினால் 5, எனவே 12 சுற்று. மூன்று சுற்று மிச்சம். குன்றேற ஒரு சுற்று செலவு. நிகர லாபம் இரண்டு சுற்று, அதாவது 80 ஆண்டு.

எண்பது ஆண்டு என்பது மூன்று தலைமுறை. ஒரு குன்றின்மேல் ஏறியதால் கொள்ளுப்பேரன் காலத்தில் வர வேண்டிய மண்வெட்டி தாத்தா காலத்திலேயே வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு நகராமைக் கட்சியார் மௌனமாவார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 'வொர்க்கர் வந்துவிட்டார் சரி, வேளாண்மை கண்டறிந்தாயிற்றா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உழவு தெரியாத நாட்டில் சீக்கிரம் பிறந்த வொர்க்கர், வேலையில்லாப் பட்டதாரிபோல ஊர்மந்தையில் உட்கார்ந்திருப்பார். ஆகவே எந்த அறிவு எந்தச் சுற்றில் முடிகிறது என்று தனிக்கணக்கு போட வேண்டும். அது இன்னொரு நாள், இன்னொரு நாற்பது ஆண்டு.

வொர்க்கர் பேச்சு வந்ததால் ஒரு கிளைச்செய்தி. இந்த நூலில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. உரோமருக்குப் பிரிட்டோரியன் வீரர், மங்கோலியருக்குக் கேஷிக் குதிரைப்படை. இந்தியாவுக்கு ஃபாஸ்ட் வொர்க்கர். மற்ற நாட்டு வொர்க்கர் இரண்டு கட்டம் நடந்தால் நம்மவர் மூன்று கட்டம் நடப்பார். சண்டைக்கு உதவமாட்டார், ஆனால் காட்டுக்குள் நுழைந்த சுற்றிலேயே கோடரியைத் தூக்கிவிடுவார். கூடி ஆடுகிறவர்கள் இதை மிக வலுவான பிரிவுகளில் ஒன்றாக மதிக்கிறார்கள். வேகமாக வேலை செய்பவர் என்ற புகழ் இந்தியாவுக்கு வேறு எந்த வரலாற்று நூலிலாவது இவ்வளவு வெளிப்படையாக வழங்கப்பட்டிருக்கிறதா என்பது தனி ஆய்வுக்குரியது. காந்தி இந்த ஆட்டத்தில் அணுகுண்டு போடுவார், அது ஆதிநூலில் நேர்ந்த ஒரு கணக்குப் பிழை என்று உலகம் முழுக்க ஒரு கதை உலவுகிறது. அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று 2020இல் வந்த தன்வரலாற்றில் சிட் மையரே எழுதிவிட்டார். செவிவழிச் செய்தி மூலநூலை வென்றதற்கு இது நல்ல சான்று.

வரைந்தவன் திருவுள்ளம்

பலர் கூடும் ஆட்டங்களில் உலகத்தை எந்திரம் மட்டும் ஆக்குவதில்லை. ஆட்டத்தில் சேராத ஒருவர் அதைத் திருத்திச் சமன்செய்து கொடுப்பதும் உண்டு. இங்கேதான் நம் துறை சமயத் தத்துவத்துக்குள் நுழைகிறது. செம்பு, குதிரை, இரும்பு ஆகியவை தொடக்கத்தில் கண்ணுக்குப் புலப்படா. வெண்கலம் கண்டறிந்தால் செம்பு தெரியும், கால்நடை வளர்ப்பு கண்டறிந்தால் குதிரை தெரியும், இரும்பு உருக்கக் கற்றால் இரும்பு தெரியும். தெரியாத பொருள் எங்கே இருக்கிறது என்று அறிய எஞ்சிய ஒரே வழி, படைத்தவனின் மனத்தை ஆராய்வது.

'செம்பே இல்லாமல் நம்மை விட்டிருக்கமாட்டார்' என்பது அருட்கொள்கை. 'கிழக்கே வெற்றுப் புல்வெளி மூன்று கட்டம் தொடர்ந்து கிடக்கிறது, இவ்வளவு வெறுமை தற்செயலாக வராது, அடியில் ஏதோ புதைத்திருக்கிறார்' என்பது மறைபொருட்கொள்கை. 'மாடும் நெல்லும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், இனிக் கொடுக்கமாட்டார்' என்பது வினைப்பயன் கொள்கை. வரைந்தவரோ உலகத்தைக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருப்பார். எவரிடமும் குறிப்புக் காட்டக் கூடாது என்பது அவருக்குள்ள கட்டுப்பாடு. அந்த மௌனத்துக்கும் பொருள் சொல்வார்கள்.

மனத்தை ஆராய விரும்பாதவர்கள் இருட்டையே ஆராய்கிறார்கள். நான்காம் பதிப்பில் வெளிச்சமும் இருளும் கலக்கும் விளிம்பில் அப்பால் உள்ள நிலத்தின் சாயல் சற்றே கசியும். திரையின் வெளிச்சத்தை ஏற்றி, கட்டத்தைப் பெரிதாக்கி, மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தால் அந்த விளிம்பு மஞ்சளாகத் தெரியும், அல்லது பழுப்பாகத் தெரியும், அல்லது கண் களைத்துவிட்டது என்று தெரியும். மஞ்சளானால் பாலை. பழுப்பானால் சமவெளி. நீலமானால் கடல். வெளுப்பானால் பனி. தேய்ந்த கல்வெட்டின் மைப்படியை வைத்துக்கொண்டு 'இது ககரமா, சிதைவா' என்று மல்லாடுகிற கல்வெட்டாய்வாளருக்கு இந்த வேதனை புரியும். அவருக்குள்ள ஒரு வசதி மட்டும் இவருக்கு இல்லை. கல்வெட்டைத் தவறாகப் படித்தால் அரசன் பெயர்தான் மாறும். விளிம்பைத் தவறாகப் படித்தால் பனிக்காட்டில் போய்ப் பசியோடு உட்கார வேண்டும்.

பாலை என்றதும் நினைவுக்கு வருவது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வறண்டால் பாலை ஆகும் என்பது சிலப்பதிகாரக் கொள்கை. ஆட்டத்திலும் வெறும் பாலை ஒன்றுக்கும் உதவாது. ஆனால் அதே பாலையின் நடுவே ஆறு ஓடினால் அது வண்டல்நிலமாகி, கட்டத்துக்கு 3 உணவும் 1 வணிகமும் தரும். மண்வெட்டி படாமலே இவ்வளவு தரும் வெறுநிலம் அரிது. எகிப்தை நினைத்தால் இதில் வியப்பில்லை. வண்டல்நிலம் ஒவ்வொன்றும் 0.4 நலக்கேடு சேர்க்கும் என்ற நுணுக்கமும் உண்டு. கொசுவை இவ்வளவு துல்லியமாக அளந்த உரையாசிரியரை வணங்கத்தான் வேண்டும்.

ஒத்திகை உலகம்

நூலோடு 'வேர்ல்ட்பில்டர்' என்றொரு கருவி இணைந்து வருகிறது. விரும்பிய உலகத்தை விரும்பியபடி ஆக்கிக்கொள்ளலாம். இதை வைத்து ஆட்டக்காரர் செய்வதுதான் இந்த ஆய்வாளரை மிகவும் ஈர்த்தது. உண்மை ஆட்டத்தில் கண்ட கட்டங்களை அப்படியே நகலெடுத்து, காணாத கட்டங்களைப் புல்லாகவோ கடலாகவோ நிரப்பி, அங்கே தனியே நாற்பது, ஐம்பது சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை வொர்க்கர் முதலில். மறுமுறை வாரியர் முதலில். இன்னொரு முறை வெண்கலம் முதலில்: ஒரு காட்டை வெட்ட மூன்று சுற்று, கிடைப்பது 20 சுத்தியல், செட்லர் விலை 100, ஆகவே ஐந்து காடு அழிந்தால் ஒரு குடியேற்றம். கணிதம் கண்டறிந்த பின் வெட்டினால் அதே காடு 30 தரும், பொறுப்பதா வேண்டாமா என்று ஓர் இரவு போகும். முடிவெல்லாம் அட்டவணையில் ஏறும். எந்தச் சுற்றில் எத்தனை உணவு, எத்தனை சுத்தியல், இரண்டாம் ஊர் எந்த நாள் என்பது வரை எழுதி முடிப்பார்கள்.

உண்மை ஆட்டத்தில் அப்போதும் முதல் சுற்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஒத்திகையில் இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்து, ஊர் பெருக்கி, சிலசமயம் அலுத்தும் போய்விட்ட ஒருவர், மறுநாள் காலை வந்து இரண்டு பேரோடு இருட்டில் நிற்பார்.

ஒத்திகையில் இல்லாதது ஒன்றே ஒன்று: மற்றவர்கள். அட்டவணையில் அயலார் படை வருவதில்லை, கரடி வருவதில்லை. அட்டவணை அழகாக இருப்பதன் காரணமும் அதுவே. ஆயினும் இதை வீண்வேலை என்று தள்ளுவது தவறு. முதல் முப்பது சுற்றில் இரண்டு சுற்று முந்தியவர், மூன்றாம் ஊரில் நான்கு சுற்று முந்துகிறார், பத்தாம் ஊரில் எவ்வளவோ முந்துகிறார். வட்டிக்கு வட்டி போகும் கணக்கு இது. ஒத்திகை பார்க்காமல் வெல்லும் மேதைகள் இருக்கலாம். மற்றவர்களுக்கு அட்டவணையே கதி.

வாரியரின் நடை

ஊர் அமைந்ததும் வாரியர் புறப்படுகிறார். சுற்றுக்கு ஒரு கட்டம், அதாவது நாற்பது ஆண்டுக்கு ஓரடி. ஸ்கவுட்டானால் இரண்டு. குன்றின்மேல் ஏறினால் இன்னும் ஒரு வரிசை தெரியும், காடு மறைக்கும். எந்தப் பக்கம் போவது? ஊரைச் சுற்றிச் செக்குமாடுபோல் வளையவந்து இரண்டாம் ஊருக்கு இடம் பார் என்பார் ஒருவர். நேர்க்கோட்டில் ஓடி அயலார் எங்கே என்று பார் என்பார் இன்னொருவர். முதலாமவர் வீட்டை அறிந்து ஊரை அறியாதவர். இரண்டாமவர் எதிரியின் தலைநகரைக் கண்டுவிட்டு, தம் ஊருக்கு மேற்கே நாலு கட்டத்தில் இருந்த பன்றியைக் காணாமலே இருப்பவர். என் கட்சி முதலாவது. பன்றி உணவு தரும், எதிரி தரமாட்டார்.

வழியில் குடிசைகள் இருந்தால் பொன்னோ, வரைபடமோ, சிலசமயம் ஓர் அறிவோ இலவசமாகக் கிடைக்கும். வாரியர் நுழைந்தால் அடிக்கக் காத்திருக்கும் முரடர்களும் கிடைக்கலாம். ஸ்கவுட்டுக்கு மட்டும் தீங்கு நேராது. கூடி ஆடுகிறவர்கள் பெரும்பாலும் குடிசைகளை முன்கூட்டியே நீக்கிவிடுவார்கள். ஒருவருக்குக் கிடைத்த இலவசத்தை மற்றவர்கள் ஆறு மாதம் மறப்பதில்லை.

விலங்குகளை நீக்காத ஆட்டங்கள் உண்டு. ஓநாய், சிறுத்தை, சிங்கம், கரடி. ஓநாயின் வலிமை 1, சிங்கத்துக்கு 2, கரடிக்கு 3. வாரியர் புல்வெளியில் நிற்கிறார், இரண்டு கட்டம் தள்ளிக் கரடி. வடக்கே காடு. காட்டில் நின்றால் தற்காப்பு 50 விழுக்காடு கூடும், 2 என்பது 3 ஆகும், கரடிக்குச் சமம். கடினநிலைக்கு ஏற்ப விலங்குகளுக்கு எதிராகக் கிடைக்கும் சலுகையைத் தள்ளிப் பார்த்தால் மனிதன் பாதி, கரடி பாதி. இவ்வளவு தெளிவாகக் கணக்கிட்ட பின்னும் நகர்த்துகிறவர் விரல் நடுங்கும். பாதி வாய்ப்பில் பிழைத்த வாரியர் காயத்தோடு பல சுற்று படுத்து ஆறுவார். அதற்குள் அட்டவணையின்படி அவர் அடுத்த நதியைக் கடந்திருக்க வேண்டும். பாதி வாய்ப்பில் இறந்தால் இன்னொரு வாரியர் செய்ய 15 சுத்தியல், அட்டவணையின் அடுத்த எல்லா வரியும் நகரும்.

மனித முரடர்கள் பின்னால் வருவார்கள். அவர்கள் பிறக்கும் விதி வேதாந்தத்துக்கு நெருக்கமானது: எவர் கண்ணிலும் படாத கட்டத்தில் மட்டுமே அவர்கள் தோன்றுவார்கள். ஒரு குன்றின்மேல் வாரியரை நிறுத்திச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் செய்தால், பார்க்கப்படும் நிலத்தில் தீமை பிறவாது. அடிக்கத் தேவையில்லை, விரட்டத் தேவையில்லை. ஆட்டக்காரர் இதற்காகவே வாரியர்களைச் செய்து திசைக்கொன்றாக நிறுத்துவார்கள். ஆயிரம் ஆண்டு வெறுமனே நின்று பார்க்கும் அந்தப் பணிக்கு ஊதியம் உண்டா என்பது குறித்து மூலத்தில் தொடக்கத்தில் சான்றில்லை. படை பெருகினால் பராமரிப்புச் செலவு வரும் என்று பின்னர் கூறப்படும்.

ஒற்றாடல்

அயலார் எங்கே என்று தெரியாமலே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறியும் கலை ஒன்றுண்டு. எஃப்9 பொத்தானை அழுத்தினால் மக்கள்தொகை, நிலப்பரப்பு, விளைச்சல், உற்பத்தி, படைபலம் எல்லாவற்றிலும் நம் இடமும், அயலாரில் உயர்ந்த அளவும் தாழ்ந்த அளவும் சராசரியும் தெரியும். சந்திக்காதவர்களும் இக்கணக்கில் அடக்கம். வள்ளுவர் 59ஆம் அதிகாரத்தில் ஒற்றர்களை வகுத்தார். கணக்குப்பிள்ளையை ஒற்றராக்கியது சிவிலைசேஷன் மரபின் சாதனை.

ஒரு சான்று காட்டுவோம். ஊர் பிறக்கையில் அதற்குச் சொந்தம் 9 கட்டம். அரண்மனை சுற்றுக்கு 2 பண்பாடு தரும். 10 ஆனதும் எல்லை விரிந்து 21 கட்டமாகும். ஆகவே முதல் நாளே ஊர் அமைத்தவர் எவருக்கும் ஐந்து சுற்றில் நிலம் பெருக வேண்டும். மூன்றே சுற்றில் அயலாரின் உயர்ந்த நிலப்பரப்பு எகிறினால், அவர் தலைவர் படைப்பாற்றல் உடையவர். அத்தகையோர் ஊருக்கு இன்னும் 2 பண்பாடு கூடுதலாகத் தருவர். எகிறியது குறைவாக எகிறினால் ஊர் கடலோரம், ஏனெனில் நீர் நிலக்கணக்கில் வராது. ஆறாம் நாளும் ஒருவரின் நிலம் அசையாமல் கிடந்தால் அவர் நகர்தல் கட்சி. குன்றைத் தேடி எங்கோ அலைந்திருக்கிறார்.

மக்கள்தொகை இன்னும் வாயாடி. ஊரின் அளவு 1 என்றால் திரையில் 1,000 பேர், 2 என்றால் 6,000, 3 என்றால் 21,000, 4 என்றால் 48,000. வொர்க்கர் செய்கிற ஊர் வளராது என்று கண்டோம். பத்தாம் சுற்றுக்கு முன்பே எங்கோ 6,000 தோன்றினால், அங்கே ஒருவர் வொர்க்கரைத் தள்ளிவைத்துவிட்டு வாரியரோ மீன்படகோ செய்கிறார் என்று பொருள். மீன்படகானால் மீன்பிடி அறிந்த இனம். மீன்பிடி அறிந்து, படைப்பாற்றலும் உடைய தலைவர்கள் பட்டியலில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணி ஒருவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். முகம் காணாமல், திசை தெரியாமல், ஒருவரின் பெயரும் குணமும் ஊர் அமைந்த கரையும் கணித்தாயிற்று. அவரும் இதே திரையைத் திறந்து நம்மைப் பற்றி இதே முடிவுக்கு வந்திருப்பார் என்பதை நினைவில் கொள்க.

கடைசியில் ஒரு நாள் அயலாரின் வாரியர் நேரில் வந்துவிடுகிறார். இத்தனை கணிப்புக்குப் பிறகு சந்தித்தால் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும் என்று தோன்றலாம். ஆட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. எழுத்து கண்டறியாமல் எல்லை திறக்கும் உடன்படிக்கை செய்ய முடியாது, அதற்கு இன்னும் பல நூற்றாண்டு இருக்கிறது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால்வைக்க ஒரே வழி போர் அறிவிப்பு. எவருக்கும் உரிமையில்லாத வெளியில் மட்டும், போர் இல்லாதவரை, இரு நாட்டு வாரியர்களும் ஒரே கட்டத்தில் நிற்கலாம் என்பது விதி. ஆகவே இருவரும் நல்ல பார்வை கிடைக்கும் ஒரே குன்றில் ஏறி, ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டு, நாற்பது நாற்பது ஆண்டாக நின்றிருப்பார்கள். இருவரில் எவர் முதலில் போர் அறிவிப்பார் என்று கேட்கும் மாணவர்கள் புறத்திணைத் துறையை அணுகவும். அது மேல்மாடியில் இருக்கிறது.